சைக்ளிக்டெஸ்ட் காட்டும் தாமதம் எங்கிருந்து வருகிறது? அறிகுறி வழியே பிழை நீக்கும் முறை

லினக்ஸ் கெர்னலில் ஒரு பணி விழிக்க வேண்டிய நேரத்துக்கு எவ்வளவு பிந்தி விழிக்கிறது என்று அளக்க விரும்புவோர் பெரும்பாலும் முதலில் எடுப்பது, ஆர்டி-டெஸ்ட்ஸ் தொகுப்பில் வரும் சைக்ளிக்டெஸ்ட் என்னும் கட்டளைவரிக் கருவியைத்தான். தாமஸ் கிளைக்ஸ்னர் தொடங்கிய இந்தக் கருவி செய்யும் வேலை மிக எளியது. அதன் த்ரெட் (தனியே ஓடும் செயல் இழை) ஒவ்வொன்றும், தன்னை இன்ன நேரத்தில் எழுப்புமாறு கெர்னலிடம் சொல்லிவிட்டு உறங்குகிறது; விழித்ததும் கடிகாரத்தைப் பார்த்து, கேட்ட நேரத்துக்கும் விழித்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை மைக்ரோவினாடியில் குறித்துக்கொண்டு, மறுபடி உறங்கப் போகிறது.

அந்த ஒரே எண்ணுக்குள் பல காத்திருப்புகள் கூட்டுத்தொகையாக அடங்கியிருக்கின்றன என்பதுதான் சிக்கல். டைமர் வன்பொருள் ஒலித்தபோது சிபியு ஆழ்ந்த உறக்கத்தில் இருந்திருக்கலாம். விழித்திருந்தும் இன்டரப்டுகளை (சிபியுவின் கவனத்தை இழுக்க வன்பொருள் அனுப்பும் குறிகளை) அடைத்து வைத்திருக்கலாம். இன்டரப்ட் உடனே கவனிக்கப்பட்டும், எழுப்பப்பட்ட பணி தன் முறைக்காக ரன் கியூ என்னும் காத்திருப்பு வரிசையில் நின்றிருக்கலாம். கருவி கூட்டுத்தொகையை மட்டுமே சொல்லும். எந்தப் பகுதி நீண்டது என்று பிரித்துப் பார்க்காமல் கெர்னல் அமைப்புகளை மாற்றத் தொடங்குபவர், இருட்டில் சாவி தேடுகிறார்.

தொடக்க அளவீடாக நான் எப்போதும் ஒரே வடிவத்தையே பயன்படுத்துகிறேன். நினைவகத்தைப் பூட்டி வைக்கச் சிற்றெழுத்து எம், சிபியு ஒவ்வொன்றிலும் ஒரு த்ரெட் ஓட்டப் பேரெழுத்து எஸ், முன்னுரிமை 80 என்று சொல்லச் சிற்றெழுத்து பி, இடைவெளி 1000 மைக்ரோவினாடி என்று சொல்லச் சிற்றெழுத்து ஐ, ஓட வேண்டிய காலத்துக்குப் பேரெழுத்து டி ஆகியவை அதில் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் கடைசியாக வரும் மின், ஆக்ட், ஏவிஜி, மேக்ஸ் என்ற நான்கும் முறையே மிகக் குறைந்த, இப்போதைய, சராசரி, மிக அதிகத் தாமதங்கள். இயந்திரம் சும்மா இருக்கும்போது எடுத்த மேக்ஸை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அதே தொகுப்பில் உள்ள ஹேக்பெஞ்ச், அல்லது தனியாகக் கிடைக்கும் ஸ்ட்ரெஸ்-என்ஜி போன்ற ஒன்றால் சுமை ஏற்றி, அதன் நடுவே அளக்க வேண்டும்.

அறிகுறி: முன்னுரிமை கொடுத்தால் கருவி தொடங்கவே மறுக்கிறது

ஷெட்யூலிங் கொள்கையை (எந்தப் பணி எப்போது ஓடும் என்ற விதியை) மாற்ற அனுமதி இல்லை என்ற பொருளில் செய்தி வந்தால், சூடோ வழியாக ஓட்டுங்கள். அல்லது அந்தப் பயனருக்கு ஆர்டி (நிகழ்நேர) முன்னுரிமை வரம்பை ஏற்றிக் கொடுங்கள். ரூட்டாக ஓட்டியும் மறுத்தால், ஆர்டி குழு ஷெட்யூலிங் சேர்த்துக் கட்டிய கெர்னலில் கன்டெய்னருக்குள் இருக்கிறீர்களா என்று பாருங்கள். அத்தகைய கெர்னலில் சிகுரூப்புக்கு (வளங்களைப் பங்கிடக் கெர்னல் பணிகளைத் தொகுக்கும் குழுவுக்கு) ஆர்டி நேரப் பங்கு ஒதுக்கப்படாமல் பூஜ்யமாக இருந்தால், யார் கேட்டாலும் மறுப்புத்தான் கிடைக்கும்.

அறிகுறி: எல்லா சிபியுவிலும் சராசரியே 50 மைக்ரோவினாடிக்கு மேல் நிற்கிறது

மேக்ஸ் தாறுமாறாக இல்லை, மின்னும் ஏவிஜியும் ஒன்றை ஒன்று ஒட்டியே இருக்கின்றன, ஆனால் எல்லாமே ஐம்பதைத் தாண்டி நிற்கின்றன என்றால், அநேகமாக முன்னுரிமை ஆப்ஷனைக் கொடுக்க மறந்துவிட்டீர்கள். வெளியீட்டில் பி என்ற எழுத்துக்கு எதிரே பூஜ்யம் இருந்தால் ஐயமே வேண்டாம். சாதாரணக் கொள்கையில் ஓடும் பணிகளுக்கு லினக்ஸ், டைமர் ஸ்லாக் என்ற பெயரில் 50 மைக்ரோவினாடித் தளர்வை இயல்பாக வைத்திருக்கிறது. அருகருகே முடியும் பல டைமர்களை ஒரே இன்டரப்டில் முடித்து மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆர்டி கொள்கையில் ஓடும் பணிகளுக்கு இந்தத் தளர்வு கிடையாது. முன்னுரிமை கொடுத்து மறுபடி ஓட்டினால் சராசரி ஒற்றை இலக்கத்துக்கு இறங்குவதைப் பல இயந்திரங்களில் காணலாம்.

இது அளவீட்டுப் பிழை மட்டுமன்று. உங்கள் நிரலும் சாதாரணக் கொள்கையில்தான் ஓடுகிறது என்றால், அந்த 50 மைக்ரோவினாடியை அதுவும் ஒவ்வொரு உறக்கத்திலும் செலுத்திக்கொண்டுதான் இருக்கிறது. பிஆர்சிடிஎல் என்னும் சிஸ்டம் கால் வழியாக ஒரு த்ரெட் தன் தளர்வைத் தானே குறைத்துக்கொள்ள முடியும்.

அறிகுறி: மின் என்ற எண்ணே வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாக இருக்கிறது

மிகக் குறைந்த தாமதமே பெரிதாக இருந்தால், குற்றவாளியை ஷெட்யூலரில் தேட வேண்டாம், கடிகாரத்தில் தேடுங்கள். சிஸ் கோப்பு முறைமையில் கிளாக்சோர்ஸ் கோப்பகத்தின் கீழ் இப்போதைய மூலம் எது என்று சொல்லும் கோப்பைத் திறந்து பாருங்கள். எக்ஸ்86 இயந்திரத்தில் அங்கே டிஎஸ்சி (சிபியுவுக்குள்ளேயே உள்ள வேகமான எண்ணி) என்று இருக்க வேண்டும். டிஎஸ்சியை நம்ப முடியாது என்று கெர்னல் முடிவு செய்து, சிபியுவுக்கு வெளியே உள்ள டைமரான ஹெச்பிஇடிக்கு மாறியிருந்தால், நேரத்தைப் படிப்பதே செலவு மிக்க செயலாகிவிடும். மாறிய காரணம் டிமெசேஜ் என்னும் கெர்னல் செய்திப் பதிவில் இருக்கும். தாமதம் மைக்ரோவினாடியில் இல்லாமல் மில்லிவினாடிக் கணக்கில் ஏறி இறங்கினால், உயர் துல்லிய டைமர்கள் இயங்கவில்லை என்று கொள்ளலாம். அப்போது 250 ஹெர்ட்ஸ் டிக் உள்ள கெர்னலில் 4 மில்லிவினாடிக்கு ஒருமுறைதான் விழிக்க முடியும்.

அறிகுறி: சைக்ளிக்டெஸ்ட் நல்ல எண் காட்டுகிறது, ஆனால் நம் நிரல் பிந்துகிறது

என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான், பலர் தவறாக முடிவு கட்டுவதும் இங்கேதான்.

கருவி அளக்கும்போது இயந்திரத்தையே சற்று மாற்றிவிடுகிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். சைக்ளிக்டெஸ்ட் தொடங்கியதும், சிபியு-டிஎம்ஏ-லேட்டன்சி என்ற சாதனக் கோப்பைத் திறந்து அதில் பூஜ்யம் என்று எழுதி, முடியும் வரை அதைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆழ்ந்த உறக்க நிலைகளுக்கு எந்த சிபியுவும் போகக் கூடாது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோரிக்கை அது. உங்கள் நிரல் அப்படி எதுவும் கேட்பதில்லை; ஆகவே அது ஓடும்போது சிபியுக்கள் ஆழமாக உறங்கி, எழ நேரம் எடுத்துக்கொள்கின்றன. இன்டெல்லின் ஸ்கைலேக் சர்வர் சிப்களுக்கான கெர்னல் அட்டவணையில் சி6 என்னும் ஆழ்ந்த உறக்க நிலையிலிருந்து வெளிவர 133 மைக்ரோவினாடி என்று குறிக்கப்பட்டிருக்கிறது. கருவி 8 என்று சொல்ல, நிரல் 140 என்று புலம்புவதற்கு இந்த ஒன்றே போதும். உங்கள் இயந்திரத்துக்கான எண்களை ஒவ்வொரு சிபியுவின் சிபியுஐடில் கோப்பகத்தில், நிலை வாரியாக உள்ள லேட்டன்சி கோப்புகளில் படிக்கலாம்.

இதைச் சோதிப்பது சுலபம். லேப்டாப் என்ற நீள ஆப்ஷனுடன் கருவியை ஓட்டினால் அது அந்தக் கோரிக்கையை எழுதாது. அப்போது சராசரி எகிறினால் காரணம் உறக்க நிலைதான். பிறகு, நிரலே அந்தக் கோப்பைத் திறந்து தனக்கு ஏற்ற வரம்பை எழுதி, ஓடி முடியும் வரை மூடாமல் வைத்திருக்கச் செய்வதுதான் சரியான தீர்வு. கோப்பை மூடிய கணமே கோரிக்கை விலகிவிடும் என்பதால், எக்கோ கட்டளையால் ஒருமுறை எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பதில் பயனில்லை. இந்தத் தவறை நானும் செய்து ஒரு நாள் முழுவதையும் இழந்திருக்கிறேன்.

உறக்க நிலை காரணமில்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது முன்னுரிமை. கருவியை 95இல் ஓட்டி, நிரலை 40இல் ஓட்டினால் இரண்டும் வெவ்வேறு உலகங்கள். பிரீயெம்ப்ட்-ஆர்டி என்னும் நிகழ்நேர வகைக் கெர்னலில் பெரும்பாலான இன்டரப்டுகள் தனி த்ரெட்களாக, இயல்பாக 50 என்ற முன்னுரிமையில் ஓடுகின்றன. 40இல் இருக்கும் நிரலை வலைப்பின்னல் அட்டையின் த்ரெட்கூடத் தள்ளிவிட்டு முன்னே போகும். எந்த முன்னுரிமையில் நிரல் ஓடுமோ அதே முன்னுரிமையில் அளந்தால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு.

நிரல் ஆர்டி கொள்கையிலேயே இல்லை என்றால், சைக்ளிக்டெஸ்ட்டைக் கீழே வைத்துவிட்டு வேறு கருவிக்குப் போக வேண்டும். எதையும் நிறுவாமல் முதலில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ப்ராக் கோப்பு முறைமையில் அந்தப் பணியின் எண்ணைத் தாங்கிய கோப்பகத்தில் ஷெட்ஸ்டாட் என்ற கோப்பில் மூன்று எண்கள் இருக்கும். முதலாவது சிபியுவில் ஓடிய நேரம், இரண்டாவது ரன் கியூவில் காத்திருந்த நேரம், மூன்றாவது எத்தனை முறை ஓட வாய்ப்புப் பெற்றது என்பது. நேரங்கள் இரண்டும் நானோவினாடியில். பத்து வினாடி இடைவெளியில் இருமுறை படித்துக் கழித்துப் பார்த்தால், நிரல் பிந்துவதற்குச் சிபியு கிடைக்காததுதான் காரணமா, அல்லது அது வேறு எதற்கோ உறங்கிக் கிடக்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இரண்டாவது எண் நகரவே இல்லை என்றால் ஷெட்யூலர் குற்றமற்றது. பூட்டு, வட்டு, வலைப்பின்னல் என்று வேறு பக்கம் தேடுங்கள்.

இரண்டாவது எண் வேகமாக ஏறினால், லினக்ஸின் செயல்திறன் அளவீட்டுக் கருவியான பெர்ஃப்பின் ஷெட் பிரிவுக்கு வாருங்கள். பெர்ஃப் ஷெட் ரெக்கார்ட் என்று பத்து வினாடி பதிவு செய்து, பிறகு பெர்ஃப் ஷெட் லேட்டன்சி என்று கேட்டால், பணிவாரியாகச் சராசரித் தாமதமும் அதிகபட்சத் தாமதமும், அந்த அதிகபட்சம் எந்த நேர முத்திரையில் நடந்தது என்பதும் அட்டவணையாக வரும். அந்த முத்திரையை எடுத்துக்கொண்டு பெர்ஃப் ஷெட் டைம்ஹிஸ்ட்டில் அதே இடத்துக்குப் போனால், நம் பணி காத்திருந்தபோது அந்தச் சிபியுவில் ஓடியது யார் என்று பெயரோடு தெரியும்.

டைம்ஹிஸ்ட்டின் நெடுவரிசைகளைப் படிப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஷெட் டிலே என்ற நெடுவரிசை, பணி எழுப்பப்பட்டதிலிருந்து ஓடத் தொடங்கியது வரையுள்ள காலத்தை மட்டுமே காட்டும். ஓடிக்கொண்டிருந்த பணி பாதியில் இறக்கப்பட்டுக் காத்திருந்தால், அந்தக் காலம் வெயிட் டைம் என்ற நெடுவரிசையில் விழும். ஷெட் டிலே பூஜ்யமாகவே இருக்கும். பெர்ஃப் ஷெட் லேட்டன்சியோ அதையும் தாமதமாகவே எண்ணும். இரண்டு அறிக்கைகளும் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றினால், கருவியில் பிழை என்று முடிவு கட்டும் முன், ஸ்டேட் என்ற நீள ஆப்ஷனைச் சேர்த்துப் பாருங்கள். பணி வெளியேறிய நிலை ஆர் என்று இருந்தால், அது தானாக உறங்கவில்லை, இறக்கிவிடப்பட்டது.

கன்டெய்னரில் ஓடும் நிரலில் இப்படி நீளமான, பத்து பத்து மில்லிவினாடிகளாக வரும் காத்திருப்புகள் தெரிந்து, அந்த நேரத்தில் சிபியு வெறுமையாகவும் இருந்தால், காரணம் பெரும்பாலும் சிபியு ஒதுக்கீடு. சிகுரூப்பின் ஒதுக்கீட்டுக் காலம் இயல்பாக 100 மில்லிவினாடி. பல த்ரெட்கள் சேர்ந்து அந்தக் காலத்தின் பங்கை முதல் 20 மில்லிவினாடியிலேயே தின்று தீர்த்துவிட்டால், மீதி 80 மில்லிவினாடி எல்லோரும் பட்டினி. அந்தச் சிகுரூப்பின் சிபியு-ஸ்டாட் கோப்பில் எத்தனை முறை நிறுத்தப்பட்டது, மொத்தம் எவ்வளவு நேரம் என்று இரு எண்கள் இருக்கும். அவை ஏறிக்கொண்டே போனால் வேறு விசாரணையே தேவையில்லை. ஒதுக்கீட்டைக் கூட்டுங்கள், அல்லது த்ரெட்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

அறிகுறி: பெர்ஃப் பதிவில் சில துண்டுகள் தொலைந்தன என்று எச்சரிக்கை வருகிறது

அந்தப் பதிவைத் தூக்கி எறியுங்கள். எழுப்பிய நிகழ்வு தொலைந்து, ஓடத் தொடங்கிய நிகழ்வு மட்டும் எஞ்சியிருந்தால் வரும் கணக்கு கற்பனையாகத்தான் இருக்கும். பதிவுக் காலத்தைச் சுருக்கி, இடையக அளவைச் சிற்றெழுத்து எம் ஆப்ஷனால் கூட்டி, கோப்பை வட்டில் எழுதாமல், நினைவகத்தில் இருக்கும் டிஎம்பிஎஃப்எஸ் கோப்பு முறைமையில் எழுதினால் பெரும்பாலும் சரியாகும். அப்படியும் நிற்கவில்லை என்றால், நிகழ்வுகளை ஒவ்வொன்றாகக் கோப்பில் எழுதாமல் கெர்னலுக்குள்ளேயே எண்ணிக் கூட்டும் பிசிசி தொகுப்பின் ரன்கியூலாட் கருவி பொருத்தமானது. அது யார் காரணம் என்று சொல்லாது. தாமதங்களின் பரவலை மட்டும் ஹிஸ்டோகிராமாகத் தரும்.

அறிகுறி: பல மணி நேரத்துக்கு ஒருமுறை மேக்ஸ் மட்டும் திடீரென எகிறுகிறது

சராசரி 4, மேக்ஸ் 900 என்பது போன்ற நிலை. பேரெழுத்து எஸ் ஆப்ஷனால் ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி வரி கிடைப்பதால், உயர்வு ஒரே சிபியுவிலா, எல்லாவற்றிலுமா என்று முதலில் பாருங்கள். ஒரே சிபியு என்றால், அதில் விழும் இன்டரப்ட் ஒன்றையோ, அதோடு கட்டப்பட்ட கெர்னல் த்ரெட் ஒன்றையோ சந்தேகியுங்கள். எல்லாவற்றிலும் ஒரே கணத்தில் என்றால், மென்பொருளுக்குக் கீழே ஏதோ நடக்கிறது.

கெர்னல் 5.17இலிருந்து அதன் மூலத்தோடு வரும் ஆர்டிஎல்ஏ கருவி இந்த விசாரணையை வெகுவாகச் சுருக்கிவிட்டது. டேனியல் பிரிஸ்டோ டி ஒலிவேரா எழுதிய டைமர்லாட் ட்ரேசர் கெர்னல் 5.14இல் சேர்ந்தது, ஆர்டிஎல்ஏ அதைக் கட்டளைவரியிலிருந்து இயக்குகிறது. சைக்ளிக்டெஸ்ட் ஒரே எண்ணாகத் தருவதை டைமர்லாட் இரண்டாகப் பிரித்துத் தருகிறது: டைமர் ஒலித்ததிலிருந்து இன்டரப்ட் கையாளப்பட்டது வரை ஒன்று, த்ரெட் ஓடியது வரை மற்றொன்று. முதலாவது எண்ணே பெரிதென்றால், சிபியு உறங்கியது, இன்டரப்டுகளை யாரோ அடைத்தார்கள், அல்லது வன்பொருள் களவாடியது. முதலாவது சிறிது, இரண்டாவது பெரிது என்றால், வேறொரு பணியோ, மென் இன்டரப்டோ, பிரீயெம்ஷனை (ஓடும் பணியைப் பாதியில் இறக்குவதை) முடக்கிய கெர்னல் பகுதியோ வழியை மறித்தது. சிற்றெழுத்து ஏ ஆப்ஷனோடு ஒரு வரம்பைக் கொடுத்தால், அதைத் தாண்டிய முதல் தடவையிலேயே நின்று, தாமதத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று கெர்னல் 6.3 முதல் தானே பட்டியலிடுகிறது. பழைய கெர்னல் என்றால், சைக்ளிக்டெஸ்ட்டில் முன்னுரிமைக்கான சிற்றெழுத்து பி இல்லை, பி-ஃபார்-பிரேக் என்று நினைவில் வைக்கக்கூடிய மற்றொரு எழுத்து ஆப்ஷனுக்கு வரம்பைக் கொடுத்து, ட்ரேஸ்மார்க் என்பதையும் சேர்த்து, பக்கத்தில் கெர்னல் நிகழ்வுகளைப் பதியும் ட்ரேஸ்-கமாண்டை ஓட விட வேண்டும். தமிழில் இரண்டு எழுத்துகளும் ஒரே ஒலியாகிவிடுவது நம் கொடுப்பினை.

வன்பொருள் களவாடல் என்றேன். எக்ஸ்86 இயந்திரங்களில் எஸ்எம்ஐ என்னும் இன்டரப்ட் வந்தால், கெர்னலுக்குத் தெரியாமலேயே சிபியு ஃபர்ம்வேரின் கைக்குப் போய்த் திரும்புகிறது. எந்த ட்ரேசிலும் அதற்கு வரி இருக்காது, நேரத்தில் ஓர் ஓட்டை மட்டும் இருக்கும். இதைப் பிடிக்க ஹெச்டபிள்யூலாட்டிடெக்ட் என்ற கருவி உண்டு. இன்டரப்டுகளை அடைத்துவிட்டுக் கடிகாரத்தை இடைவிடாது படித்து, இரு வாசிப்புகளுக்கு இடையே விளக்கமில்லாத இடைவெளி வந்தால் அதைக் குறித்துக்கொள்ளும். அதுவே தாமதத்தை உண்டாக்கும் என்பதால் அதோடு சேர்த்து வேறு எதையும் அளக்கக் கூடாது. இன்டெல் சிப் என்றால் டர்போஸ்டாட் வெளியீட்டில் எஸ்எம்ஐ என்ற நெடுவரிசையே எண்ணிக்கையைச் சொல்லும். ஒருமுறை, கெர்னல் அமைப்பில் நான் இரண்டு வாரம் துழாவிய உயர்வு ஒன்று, பயாஸில் பழைய யுஎஸ்பி விசைப்பலகைக்கான ஆதரவை அணைத்ததும் மறைந்தது. எஸ்எம்ஐயைக் கெர்னலால் தடுக்க முடியாது. பயாஸ் அமைப்பை மாற்றலாம், புதிய ஃபர்ம்வேர் இருந்தால் ஏற்றலாம், இல்லையேல் பலகையை மாற்ற வேண்டியதுதான்.

மெய்நிகர் இயந்திரத்துக்குள் அளக்கிறீர்கள் என்றால் இதே ஓட்டைகள் ஹைப்பர்வைசரால் வரும். விஎம்ஸ்டாட்டின் கடைசிப் பகுதியில் எஸ்டி என்ற நெடுவரிசை பூஜ்யத்தைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் விருந்தினர் இயந்திரத்துக்குள் எதைத் திருத்தியும் பயனில்லை.

அறிகுறி: வினாடிக்கு ஒருமுறை சரியாக 50 மில்லிவினாடி ஓட்டை

இந்த எண்ணைக் கண்டதும் காரணத்தைச் சொல்லிவிடலாம். ஓய்வின்றிச் சுழலும் ஆர்டி பணி இயந்திரத்தை முடக்கிவிடாதிருக்க, கெர்னல் ஒவ்வொரு 1,000,000 மைக்ரோவினாடியிலும் 950,000ஐ மட்டுமே ஆர்டி பணிகளுக்கு இயல்பாகத் தருகிறது. வரம்பு தொட்டதும் டிமெசேஜில் ஆர்டி த்ராட்லிங் தொடங்கியதாக ஒருமுறை செய்தி வரும். கெர்னல் 6.12 முதல் இந்த வேலையை ஃபேர் சர்வர் என்ற ஏற்பாடு செய்கிறது. சாதாரணப் பணிகள் உண்மையிலேயே பட்டினி கிடக்கும்போது மட்டும் அவற்றுக்கு வினாடியில் 50 மில்லிவினாடி தரும். ஆகவே புதிய கெர்னலில் பழைய செய்தியைத் தேடி ஏமாறாதீர்கள். வரம்பை அடியோடு நீக்கச் சொல்லும் ஆலோசனைகள் ஏராளம் உலவுகின்றன. நிரலில் ஒரு பிழை சுழற்சி இருந்தால் எஸ்எஸ்ஹெச் வழியாகக்கூட உள்ளே நுழைய முடியாது போகும் என்பதால், நான் அதைக் கடைசி வழியாகவே வைப்பேன். நிரல் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது உறங்குமாறு எழுதுவதே மேல்.

திருத்தம் செய்த பிறகு, பழைய அளவீட்டை எடுத்த அதே ஆப்ஷன்களோடு, அதே சுமையின் கீழ், உயர்வு முன்பு எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வந்ததோ அதைப்போல் பல மடங்கு நேரம் ஓட்டுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்த உயர்வு, பத்து நிமிட ஓட்டத்தில் வராமல் போனதால் தீர்ந்துவிட்டது என்று எழுதப்பட்ட அறிக்கைகளை நான் படித்திருக்கிறேன். ஹிஸ்டோகிராம் ஆப்ஷனோடு இரவு முழுவதும் ஓட விட்டு, திருத்தத்துக்கு முந்தைய, பிந்தைய வெளியீடுகள் இரண்டையும் கெர்னல் பதிப்பு எண்ணோடும் பயாஸ் பதிப்போடும் சேர்த்துச் சேமித்து வையுங்கள். அடுத்த ஃபர்ம்வேர் மேம்படுத்தலுக்குப் பிறகு எண் மாறும்போது ஒப்பிட அவை தேவைப்படும்.